குழந்தைகளின் மர மேசையில் கரும்பலகை பொருத்துதல்: டெல்டா வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

விஜயதசமிக்கு முன்பாகக் குழந்தையின் எழுது மேசையில் ஒரு கரும்பலகை இருக்க வேண்டும் என்று அவசர அவசரமாக நான்கு மூலைகளிலும் ஆணி அறைந்து பொருத்திவிட்டு, அடுத்த சித்திரையில் அந்தப் பலகை நடுவில் புடைத்துக்கொண்டு நிற்பதையோ அதன் பின்னாலுள்ள மரம் ஆணியடித்த இடத்தில் வெடித்திருப்பதையோ காண்பது டெல்டா மாவட்டங்களில் புதிதல்ல. பலகை மட்டமானது என்றும் மரம் பச்சையாக இருந்தது என்றும் காரணம் சொல்வார்கள். சில சமயம் அதுவும் உண்மைதான். ஆனால் நன்கு உலர்ந்த மரத்திலும் தரமான பிளைவுட்டிலும்கூட இதே கோளாறு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் உப்பும் முழு மரம், பங்குனி, சித்திரை வெயிலில் சுருங்குகிறது. குறுக்கும் நெடுக்கும் ஒட்டப்பட்ட மெல்லிய மரத் தாள்களால் ஆன பிளைவுட்டோ ஏறத்தாழ அசைவதே இல்லை. அசையும் ஒன்றையும் அசையாத ஒன்றையும் நான்கு மூலைகளிலும் இறுக்கிப் பிணைத்தால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆகவே பலகையை ஓர் ஓரத்தில் அசையாமல் பிடித்து, எதிர் ஓரத்தில் மரம் நகர இடம் விட்டுப் பொருத்துவதுதான் இந்த வேலையின் அடிப்படை.

ஐந்து முதல் எட்டு வயதுவரையுள்ள குழந்தைக்கான மேசை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத்தில், மேசைப் பரப்புக்கு மேலே சுமார் 45 செ.மீ. உயரத்துக்கு ஒரு முதுகுப் பலகை எழும்பி நிற்கிறது. அதன்மேல் 60 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட கரும்பலகையைப் பொருத்த வேண்டும். புத்தக அலமாரியின் பக்கவாட்டிலோ, விளையாட்டுச் சாமான் பெட்டியின் முகப்பிலோ பொருத்துவதற்கும் இதே முறை பொருந்தும். முதுகுப் பலகையே இல்லாத மேசைக்கு என்ன செய்வது என்பதை இடையில் தனியாகச் சொல்கிறேன்.

மேசையைச் சோதித்தல்

பொருத்தும் வேலையைத் தொடங்குமுன் மேசை அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மேசையைக் கவிழ்த்துப் போட்டுக் கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். கழுந்து (துளைக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனை) தளர்ந்திருந்தால் முதலில் அதை ஒட்டி இறுக்கிவிட வேண்டும், ஏனெனில் குழந்தை பலகையில் எழுதும்போது தரும் ஒவ்வொரு அழுத்தமும் அந்தத் தளர்ந்த மூட்டில்தான் போய் விழும். பிறகு முதுகுப் பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். வைரம் பாய்ந்த பகுதி கெட்டியான ஓசை தரும், உளுத்த பகுதி பொத்தென்று ஒலிக்கும். குண்டூசித் தலை அளவில் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தென்பட்டால் உளுப்பு இன்னும் உயிருடன் இருக்கிறது என்று பொருள். அங்கே திருகாணி பிடிக்காது. கரையான் அரித்த மரத்தில் வெளிப்பூச்சு முழுமையாகவே தெரியும் என்பதால், கால்களின் அடிப்பகுதியைக் கூரான ஆணியால் குத்திப் பார்ப்பது நல்லது. வண்டல் மண் ஊர்களில் தரையைத் தொட்டு நிற்கும் எந்த மரச் சாமானுக்கும் இந்தச் சோதனை தேவை.

என்ன மரம் என்று தெரிந்துகொள்வது பாதி வேலையை எளிதாக்கும். இப்பகுதி வீடுகளில் பூவரசு, வாகை, வேம்பு, மா, தூங்குமூஞ்சி ஆகியவற்றில் செய்த சாமான்கள் அதிகம். கால்வாய்க் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கும் உண்டு. தேக்கு ஈரத்துக்குக் குறைவாகவே அசையும். வீணைக்கும் பழைய தஞ்சாவூர் ஓவியப் பலகைக்கும் நாடப்பட்ட பலாவும் நம்பகமானது. மா மரம் எளிதில் உளுக்கும் என்பதால் அதில் திருகாணி போடும் இடத்தைக் கூடுதல் கவனத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டும். வாகை போன்ற கெட்டி மரத்தில் முன்துளை இல்லாமல் திருகாணியை முடுக்கினால் ஒன்று திருகாணி முறியும், இல்லையெனில் மரம் பிளக்கும்.

மேசை பழையதாகவும் வண்ணம் பூசப்பட்டதாகவும் இருந்தால் அந்த வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு பூசியவற்றில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈயத் தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீரில் நனைத்த நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாள்) மெல்லத் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்து அப்புறப்படுத்த வேண்டும். வண்ணம் உரியாமல் உறுதியாக இருந்தால் அதைக் கிளறாமல் மேலே புதிய பூச்சுக் கொடுத்து மூடிவிடுவதே மேல். இந்த வேலை நடக்கும்போது குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

9 மி.மீ. தடிப்புள்ள பிளைவுட் போதும். கடைக்காரர் 12 மி.மீ. எடுக்கச் சொல்லக்கூடும். 60க்கு 40 செ.மீ. அளவில் 9 மி.மீ. பலகை சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும், 12 மி.மீ. பலகை இரண்டு கிலோவை நெருங்கும். மேசையின் உச்சியில் ஏறும் எடை குறைவாக இருப்பதே நமக்கு நல்லது. 6 மி.மீ. பலகையோ எழுதும்போது அதிரும். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பிளைவுட்டில் இரண்டு தரங்கள் உண்டு. ஈரத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். ஒன்று, கொதிநீரையும் தாங்கும் பசையால் ஆன பி.டபிள்யூ.ஆர். மற்றொன்று. டெல்டாவின் மழைக்காலத்துக்கு இரண்டாவதையே வாங்குங்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் இந்த வேலைக்கு அதிகப்படி, ஆனால் வேறு வேலையில் மிஞ்சிய துண்டு மரவாடியில் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளின் முகம் வழவழப்பாக இருப்பதால் வண்ணம் அழகாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். எனினும் வெட்டிய ஓரத்தில் ஒருமுறை ஈரம் ஏறினால் அவை பொரி மாதிரி உப்பி, பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை.

மரவாடியிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிவிடுவது சுலபம். வீட்டில் ரம்பத்தால் வெட்டுவதானால் வெட்டுக் கோட்டின்மீது காகித டேப் ஒட்டிக்கொண்டு வெட்டினால் மேல்தாள் சிலும்பாது. நான்கு மூலைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வளைவாகக் கோடு கிழித்து அரத்தால் உருட்டிவிடுங்கள். மேசையில் குனிந்து எழுதும் குழந்தை சட்டென்று நிமிரும்போது நெற்றி எங்கே படும் என்பதை நினைத்தால் இந்த வேலையில் சோம்பல் வராது. ஓரங்களையும் முதலில் 120 எண், பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்த்துக் கூர்மையை நீக்க வேண்டும்.

உயரத்தையும் இடத்தையும் குறித்தல்

பள்ளிச் சாமான்களுக்கான ஐரோப்பிய அளவுமுறையின்படி, 108 முதல் 121 செ.மீ. வரை உயரமுள்ள குழந்தைக்கு மேசை 53 செ.மீ. உயரமும், 119 முதல் 142 செ.மீ. வரை உயரமுள்ள குழந்தைக்கு 59 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். நம் குழந்தைகளுக்கும் இது ஏறக்குறைய ஒத்துவருகிறது. கரும்பலகையின் கீழ் ஓரம் மேசைப் பரப்பிலிருந்து ஓர் அங்குலமாவது மேலே இருக்கட்டும். அந்த இடைவெளியில் துணி நுழைந்து தூசியைத் துடைக்க முடியும், கவிழ்ந்த தண்ணீர் பலகையின் ஓரத்தைத் தொடாது. அதற்கேற்ப முதுகுப் பலகையின் உயரம் போதாவிட்டால் கரும்பலகையின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலகை முதுகுப் பலகைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால் குழந்தை அதைப் பிடித்துத் தொங்கும்.

ரசமட்டம் வைத்துக் கோடு போடும்போது ஒரு சிக்கல் வரும். பழைய வீட்டின் சிவப்புக் காவித் தரை பெரும்பாலும் முற்றத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும், மேசையும் அதற்கேற்பச் சாய்ந்து நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் ரசமட்டத்தை நம்பாமல் மேசைப் பரப்பிலிருந்து இரு முனைகளிலும் சமமாக அளந்து கோடு கிழியுங்கள். கண்ணுக்கு மேசையோடு இணையாகத் தெரிவதுதான் நேராகத் தெரியும்.

நாரின் திசையும் துளைகளின் வடிவமும்

மரம் நார் ஓடும் நீளவாட்டில் அசைவது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குக் குறைவு. நாருக்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில்தான் அசைவு முழுவதும் நிகழ்கிறது. அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டி வெட்டப்பட்ட பலகை, மையத்திலிருந்து வெளிநோக்கி வெட்டப்பட்ட பலகையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அசையும். 40 செ.மீ. அகலமுள்ள ஒரு பலகை, கோடைக்கும் அடைமழைக்கும் இடையே மூன்று, நான்கு மில்லிமீட்டர்வரை விரிந்து சுருங்கலாம். ஆசாரிகளின் கணக்கில் சொன்னால் ஒரு நூலுக்கு, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கு, சற்று மேல். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும், ஆனால் ஓர் ஆணியை வளைக்கவும் ஒரு பலகையைப் பிளக்கவும் அது தாராளம்.

உங்கள் மேசையின் முதுகுப் பலகையில் ரேகைகள் இடமிருந்து வலமாகப் படுக்கையாக ஓடுகின்றனவா, கீழிருந்து மேலாக நிற்கின்றனவா என்று பாருங்கள். வண்ணம் பூசியிருந்தால் பலகையின் பக்க முனையில் பார்த்தால் தெரியும். வளையங்களின் வெட்டு முகம் தெரியும் முனை எதுவோ அதை நோக்கித்தான் நார் ஓடுகிறது. பெரும்பாலான மேசைகளில் நார் படுக்கையாகத்தான் இருக்கும். அப்படியானால் மரம் உயர வாட்டில் உப்பும். எனவே கரும்பலகையின் மேல் ஓரத்தில் மூன்று வட்டத் துளைகளும், கீழ் ஓரத்தில் மூன்று நீள்துளைகளும் போட வேண்டும். நீள்துளைகள் செங்குத்தாக நிற்க வேண்டும். நார் செங்குத்தாக ஓடும் அலமாரிப் பக்கம் போன்ற இடங்களில் இதையே திருப்பிக்கொள்ளுங்கள்: இடது ஓரத்தில் வட்டத் துளைகள், வலது ஓரத்தில் படுக்கையான நீள்துளைகள்.

வட்டத் துளை வரிசையைப் பலகையின் நடுவில் போட்டால் அசைவு இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியுமே என்று கேட்கலாம். தச்சு முறைப்படி அது சரியான கேள்விதான், மேசையின் மேல்பலகையை அப்படித்தான் பிணைப்பார்கள். ஆனால் எழுதும் பரப்பின் நடுவே திருகாணித் தலைகள் வரிசையாக நின்றால் சாக்பீஸ் ஒவ்வொரு முறையும் அவற்றில் முட்டும். குழந்தை எழுதவென்றே செய்யும் பலகையில் அந்தத் தொல்லையைவிட, முழு அசைவையும் ஒரே ஓரத்தில் வாங்கிக்கொள்ளும் நீள்துளை மேலானது என்பது என் முடிவு.

முதுகுப் பலகையே இல்லாத மேசையில், பின்கால்களோடு சேர்த்து 50 மி.மீ. அகலமும் 25 மி.மீ. தடிப்பும் உள்ள இரண்டு நிமிர்சட்டங்களைக் காலுக்கு இரண்டு போல்ட் வீதம் போட்டு முடுக்கி, அவற்றின்மேல் கரும்பலகையைப் பொருத்தலாம். சட்டம் குறுகலாக இருப்பதால் அதன் அசைவு அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. அங்கே நீள்துளை தேவையில்லை, திருகாணியைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிய வட்டத் துளையே போதும். சட்டங்கள் அகலத்தில் குறைந்தவை என்பதால் திருகாணி சட்டத்தின் ஓரத்தை ஒட்டி விழாமல் நடுக்கோட்டில் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

துளையிடுதல்

எட்டாம் எண் திருகாணி இதற்குப் பொருத்தமானது. அதன் தண்டு 4 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பலகையில் 5 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். ஓரத்திலிருந்து துளையின் மையம் 20 மி.மீ. உள்ளே இருக்கட்டும். நீள்துளைக்கு, செங்குத்துக் கோட்டில் அடுத்தடுத்து மூன்று துளைகளை 5 மி.மீ. பிட்டாலேயே போட்டு, இடையே நிற்கும் மரத்தை மெல்லிய வட்ட அரத்தால் ராவி எடுத்தால் 12 மி.மீ. நீளமுள்ள ஒழுங்கான துளை கிடைக்கும். பலகைக்கு அடியில் வீணான மரத்துண்டு ஒன்றை வைத்து இறுக்கிக்கொண்டு துளையிட்டால் பின்தாள் பிய்ந்துகொண்டு வராது.

துளைகள் தயாரானதும் பலகையைக் குறித்த கோட்டில் நிறுத்தி இரண்டு கிளாம்புகளால் பிடித்து, வட்டத் துளைகளின் மையத்தை ஆணி முனையால் மரத்தில் குத்திக் குறியுங்கள். நீள்துளைகளில் எந்த இடத்தில் குறிப்பது என்பது வேலை நடக்கும் மாதத்தைப் பொறுத்தது. பங்குனி முதல் ஆடிவரை மரம் சுருங்கியிருக்கும், இனி உப்பும்போது கீழ்த் திருகாணி கீழ்நோக்கி நகரும். ஆகவே அதை நீள்துளையின் மேல் முனையை ஒட்டிக் குறிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் மரம் ஏற்கெனவே உப்பியிருக்கும், கீழ் முனையை ஒட்டிக் குறியுங்கள். தை, மாசியில் செய்பவர்கள் நடுவில் குறித்தால் போதும். விஜயதசமி புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வருகிறது. பூந்தோட்டத்துக்கு அருகிலுள்ள கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் எழுத்தறிவித்து அழைத்து வரும் பிள்ளைக்காகச் செய்யும் மேசையானால், அந்த ஆண்டு மழை தொடங்கிவிட்டதா இல்லையா என்பதைப் பார்த்து இதை முடிவு செய்யலாம்.

மரத்தில் போடும் முன்துளை வாகை, தேக்கு போன்றவற்றுக்கு 3 மி.மீ., மா போன்ற மென்மையான மரத்துக்கு 2.5 மி.மீ. இருக்க வேண்டும். முதுகுப் பலகையின் தடிப்பு 25 மி.மீ. என்றால் 30 மி.மீ. நீளத் திருகாணி சரியாக இருக்கும். பலகை 9 மி.மீ., பின்னால் வைக்கப்போகும் இடைவட்டு 3 மி.மீ., முன்னால் வாஷர் ஒரு மி.மீ. போக, மரத்துக்குள் சுமார் 17 மி.மீ. இறங்கும். பின்பக்கம் முனை வெளியே வராது. 20 மி.மீ. தடிப்புள்ள மரத்துக்கு 25 மி.மீ. திருகாணி போடுங்கள். பிட்டு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அதன்மேல் டேப் சுற்றிக் குறித்துக்கொண்டால் கை தவறாது.

இரு முகத்துக்கும் பூச்சு

பொருத்துவதற்கு முன்பே பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும். பலர் எழுதும் முகத்துக்கு மட்டும் கரும்பலகை வண்ணம் பூசிவிட்டுப் பின்முகத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பூசாத முகம் ஈரத்தை உறிஞ்ச, பூசிய முகம் உறிஞ்சாமல் இருக்க, பலகை வில்லாக வளைகிறது. இதற்கு எந்தத் திருகாணியும் மருந்தாகாது. இரு முகங்களுக்கும் நான்கு ஓரங்களுக்கும் நாம் போட்ட துளைகளின் உட்சுவருக்கும் ப்ரைமர் பூசுங்கள். ஓரங்களுக்கு இரண்டு கை பூசலாம், ஏனென்றால் அங்கேதான் தாள்களின் வெட்டு முனைகள் தண்ணீரைக் குடிக்கும். பட்டி பார்க்க வேண்டிய பள்ளம் இருந்தால் ப்ரைமர் காய்ந்தபின் பார்த்து, 220 எண் தாளால் தேய்த்துவிடுங்கள்.

அதன்மேல் கரும்பலகை வண்ணத்தை ஸ்பாஞ்ச் உருளையால் மூன்று கை பூசவும். முதல் கை நெடுக்கு, இரண்டாவது குறுக்கு, மூன்றாவது மீண்டும் நெடுக்கு என்று பூசினால் கோடு தெரியாது. ஒவ்வொரு கைக்கும் இடையில் 320 எண் தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் பூச வேண்டாம், ஒட்டும் தன்மை போகவே நாள்கணக்கில் ஆகும். பின்முகத்துக்கு சாதாரண எனாமல் வண்ணம் இரண்டு கை போதும்.

பழைய பள்ளிக்கூடங்களில் கரும்பலகைக்கு ஊமத்தை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்து அரைத்துத் தேய்ப்பார்கள். கறுப்பு நன்றாகப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊமத்தையின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. எழுதிய விரலை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் பலகையில் அதற்கு இடமில்லை. ஊர்ப் பழக்கத்தை விட மனமில்லாதவர்கள் சிலேட்டைத் துடைத்த கோவை இலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பொருத்துதல்

எவர்சில்வர் திருகாணிகளே நல்லவை. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று துத்தநாகப் பூச்சை வெகு விரைவில் தின்றுவிடும். துருவோடு மரத்தின் துவர்ப்பும் சேரும்போது திருகாணியைச் சுற்றி அழியாத கறுப்புக் கறை படரும். பித்தளையும் துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது. கெட்டி மரத்தில் பித்தளைத் திருகாணியை நேரடியாக முடுக்கினால் தலை முறிந்துவிடும் என்பதால், அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கிப் புரி போட்டுவிட்டுப் பிறகு பித்தளையை ஏற்றுவது பழைய ஆசாரிகளின் வழக்கம். எந்தத் திருகாணியானாலும் புரியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் சுலபமாக இறங்கும். சோப்புத் தேய்ப்பதைத் தவிருங்கள், அது ஈரத்தை இழுக்கும்.

கரும்பலகை முதுகுப் பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே காற்று போகாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு திருகாணிக்கும் பின்னால் 3 மி.மீ. தடிப்புள்ள நைலான் வட்டு ஒன்றை வைத்தால் ஒரு நூல் இடைவெளி கிடைக்கும். இடைவெளி அதிகமானால் இன்னும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தைகளின் சாமான்களில் 7 முதல் 12 மி.மீ. வரையிலான சந்துகள் விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் ஆபத்தான அளவு என்பதால், ஒரு நூலோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

மேல் வரிசையில் நடுத் திருகாணியை முதலில் முடுக்கி, பிறகு இரு பக்கங்களையும் முடுக்குங்கள். மின் டிரில்லால் பாதிவரை ஏற்றிவிட்டுக் கடைசிச் சுற்றுகளைக் கையால் முடுக்கினால் மரத்தின் புரி தேய்ந்து போகாது. நீள்துளைகளில் போடும் திருகாணியின் தலை அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். கூம்புத் தலை நீள்துளையில் ஆப்புப்போல இறுகி மரத்தை நகர விடாது. தட்டைத் தலைக்குக் கீழே ஒரு வாஷர் வைத்து, முழுவதும் இறுக்கியபின் கால் சுற்றுத் திரும்பத் தளர்த்திவிடுங்கள். பலகை ஆடக் கூடாது, ஆனால் வாஷர் விரலால் தள்ளினால் வழுக்க வேண்டும். திருகாணித் தலைகளை மறைக்கக் கடைகளில் கிடைக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடிகளை மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் போட வேண்டாம், கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும். அதைவிட மிருதுவாக உருண்ட தலையுள்ள திருகாணி வாங்குவது நல்லது. பசையை எங்கேயும் தொட வேண்டாம், ஒரு சொட்டுப் பசை விழுந்தாலும் நீள்துளைகள் போட்ட பாடு வீணாகிவிடும்.

சாக்பீஸ் தட்டு வேண்டுமென்றால் 30 மி.மீ. அகலமுள்ள ஒரு ரீப்பரை (மெல்லிய மரச் சட்டம்) எடுத்து, நடுவில் ஆழமில்லாத பள்ளம் செதுக்கி, முன் ஓரத்தை உருட்டி, கரும்பலகையின் கீழ் ஓரத்தில் மட்டும் பின்பக்கத்திலிருந்து திருகாணி போட்டுப் பொருத்துங்கள். அந்தத் தட்டைக் கரும்பலகையிலும் முதுகுப் பலகையிலும் சேர்த்துப் பிணைத்தால் மரத்துக்கு நாம் விட்ட வழியை நாமே அடைத்தது போலாகும்.

சுவரோடு பிணைத்தல்

இந்தப் பகுதியை விட்டுவிடுபவர்கள் அதிகம். 15 கிலோ எடையும் 45 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு சிறு மேசையை எடுத்துக்கொள்வோம். அதன் எடையின் மையம் முன்கால்களிலிருந்து ஏறத்தாழ 22 செ.மீ. தள்ளி இருக்கும். தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் கரும்பலகையின் மேல் ஓரத்தைப் பிடித்துக் குழந்தை தன் பக்கமாக 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தால், மேசையைக் கவிழ்க்கும் திருப்பம் 475 அலகு, நிறுத்திப் பிடிக்கும் திருப்பம் 330 அலகு. மேசை குழந்தையின் மேலேயே சாயும். 5 கிலோ விசை என்பது ஐந்து வயதுக் குழந்தை விளையாட்டாகத் தருவது. கரும்பலகை இல்லாதபோது பிடித்து இழுக்க உயரத்தில் எதுவும் இல்லாததால் ஒழுங்காக நின்ற மேசை, பலகை வந்தபின் வேறு சாமானாகிவிடுகிறது.

எனவே முதுகுப் பலகையின் மேல் பகுதியில் இரண்டு இடங்களில் எல் வடிவத் தகடு போட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டும். சிமெண்ட் பூச்சுச் சுவரில் 8 மி.மீ. துளையும் பிளக்கும் போதும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீடுகளில் பூச்சு தடிமனாகவும் பொடியாகவும் இருக்கும், பிளக் அதில் நிற்காமல் உருவிக்கொண்டு வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் குறைந்தது 50 மி.மீ. போகும் நீளமான பிளக் போட வேண்டும், செங்கல் இணைப்பில் விழாமல் செங்கல்லின் நடுவில் விழும்படி பார்க்க வேண்டும். சுவரில் நம்பிக்கை இல்லையென்றால் மேசையை மரத்தூணுக்கோ சன்னல் நிலைச்சட்டத்துக்கோ அருகில் நகர்த்தி அதில் பிணையுங்கள். மேசையை முற்றத்துக்கும் திண்ணைக்கும் தூக்கிக்கொண்டு போகும் வழக்கமுள்ள வீட்டில் கரும்பலகையை மேசையில் பொருத்துவதை விட்டுவிட்டுச் சுவரிலேயே மாட்டிவிடலாம். அது தோல்வி அல்ல, சில வீடுகளுக்கு அதுதான் சரி.

முதல் எழுத்துக்கு முன்பும், அதன் பிறகும்

வண்ணம் முழுவதும் இறுக ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு சாக்பீஸைப் படுக்கையாகப் பிடித்துப் பலகை முழுவதும் தேய்த்து வெள்ளையாக்கி, உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். வண்ணத்தின் நுண்துளைகளில் சுண்ணத்தூள் ஏறிக்கொள்வதால், பின்னர் எழுதும் எழுத்து நிழலாகத் தங்காமல் முழுவதும் அழியும். இதைச் செய்யாமல் முதலிலேயே 'அ' எழுதினால் அந்த 'அ' வெகுநாள் பலகையில் தெரியும். ஈரத் துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும், தினமும் நனைக்க வேண்டாம்.

ஆண்டுக்கு இருமுறை, மழை ஓய்ந்த மார்கழியிலும் வெயில் முற்றிய வைகாசியிலும், கீழ் வரிசைத் திருகாணிகள் நீள்துளையின் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். முனையில் முட்டிக்கொண்டு நின்றால் பலகையைக் கழற்றி அந்தத் துளையை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் ராவிவிட வேண்டும். சுவர்த் தகடுகளையும் அப்போதே ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை வளர்ந்தபின் பலகையை உயர்த்த வேண்டிவந்தால், முதுகுப் பலகையின் பழைய துளைகளில் மூங்கில் குச்சியைச் சீவிப் பசை தோய்த்து அறைந்து, மறுநாள் அதன் முகத்தோடு சமமாக வெட்டிவிடுங்கள். புதிய திருகாணிகளை அந்தத் துளைகளிலிருந்து குறைந்தது ஓர் அங்குலம் தள்ளிப் போட வேண்டும்.